2038 தேதிச் சிக்கலைத் தானே தீர்க்கும் மென்பொருள்: பத்தாயிரம் மலேசிய வெள்ளி போடலாமா?

தம்பி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் போய்வந்து, "2038 தேதிச் சிக்கலைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தும் மென்பொருளாம், அந்த நிறுவனத்தின் பங்கில் பத்தாயிரம் வெள்ளி போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் போட மாட்டேன்.

சிக்கல் நிஜம்தான். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த பழைய கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 32 பிட்டில், அதாவது 32 இருமை இலக்கம் கொண்ட இடத்தில், எண்ணி வைக்கின்றன. 2038 ஜனவரி 19, மலேசிய நேரப்படி காலை 11:14:07-க்கு அந்த இடம் நிரம்பிவிடும். அடுத்த விநாடி எண்ணிக்கை எதிர்மறையாகப் புரண்டு, கணினிக்கு ஆண்டு 1901 ஆகிவிடும். ஆனால் யூனிக்ஸ் பாணி இலவச இயங்குதளமான லினக்ஸில் 32 பிட் கணினிகளுக்கான திருத்தம் 2020-லேயே 5.6 பதிப்போடு வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. மிச்சம் இருப்பது பழைய தரவுத்தளங்களும், மூலநிரல் யார் கையில் இருக்கிறதென்றே தெரியாத கருவிகளும்.

1998-ல் கோலாலம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களோடு மல்லுக்கட்டியவன் நான். அப்போதைய தலைவலி ஒய்2கே: ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த கணினிகள் 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் சிக்கல். அப்போதும் 'ஒரே பட்டனில் ஒய்2கே தீர்ந்தது' என்று கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தார்கள். தேதி இருக்கும் வரிகளைத் தேடித் தர அந்தக் கருவிகள் உதவின, மறுக்கவில்லை. ஆனால் பாதித் தேதிகள் தேதி என்ற பெயரிலேயே இல்லை. நிரலை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். மாற்றி முடித்த பிறகு ஒவ்வொரு பாலிசியின் முதிர்வுத் தொகையும் சரியாக வருகிறதா என்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தது மனிதர்கள். பணம் கரைந்தது அந்தச் சோதனையில்தான்.

நம் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அதில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 25 என்று தொடங்கினால் 1925-ல் பிறந்த தாத்தாவா, 2025-ல் பிறந்த கொள்ளுப்பேரனா? அந்த ஆறு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அந்தத் துறையின் வழக்கம் தெரிந்த ஆள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி குறியீட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் பெமர், ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவது ஆபத்து என்று 1970களிலேயே எச்சரித்தவர். 1990களின் கடைசியில் அவரே ஒரு தீர்வோடு சந்தைக்கு வந்தார். உலகம் அதை வைத்து 2000-ஐத் தாண்டவில்லை. அவர் நிலையே அது என்றால், கூட்டத்தில் மைக் பிடித்தவரை நான் எப்படி நம்புவது?

இன்னொன்று, இது கெடு உள்ள வியாபாரம். தேதி கடந்துவிட்டால் வாங்க ஆள் இல்லை. ஒய்2கே கம்பெனிப் பங்குகள் பல, 2000 பிறப்பதற்கு முன்பே சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த நிறுவனம் 2039-ல் எதை விற்கும் என்று யாராவது சொன்னார்களா?

போட்டே தீருவேன் என்றால் முதலில் மலேசியாவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையதளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதாலேயே நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது. பிறகு, காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒரு வாடிக்கையாளரைக் காட்டச் சொல்லுங்கள். திருத்தம் தப்பாகப் போனால் நஷ்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள். 'அதெல்லாம் ரகசியம்' என்று பதில் வந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.