புரோகிராமைக் கொடுத்தவர் மீதும் தப்பு உண்டா?

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லிங்க்டு லிஸ்ட் அசைன்மென்டை நானேதான் எழுதினேன். கடைசி நாள் இரவு தோழி கெஞ்சிக் கேட்டதால் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் வேரியபிள் பெயர்களை மட்டும் மாற்றிச் சமர்ப்பித்துவிட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று சாஃப்ட்வேர் காட்டிவிட்டதாம். நாளை மறுநாள் துறைத்தலைவர் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். பார்த்து எழுதியது அவள்தானே, என் மீது என்ன தப்பு? இனி யாருக்கும் உதவவே கூடாதா?

பதில்: உங்கள் மீதும் தப்பு இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளின் விதிகள் வாங்குவதோடு கொடுப்பதையும் சேர்த்தே சொல்கின்றன. விதியை விடுங்கள், உங்கள் தோழியை நினைத்துப் பாருங்கள். லிங்க்டு லிஸ்ட் என்பது நோடுகள் என்ற தகவல் கட்டங்களைச் சங்கிலி போல இணைத்து வைப்பது. லேப் தேர்வில் முதல் நோடை நீக்கும் ஃபங்ஷனை எழுதச் சொன்னால், சங்கிலியின் தொடக்கத்தைக் காட்டும் ஹெட் பாயின்டரை அடுத்த நோடுக்கு நகர்த்த வேண்டும் என்பது அவருக்குத் தோன்றாது. அந்த இடத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளத்தான் அசைன்மென்டே கொடுத்தார்கள். நீங்கள் அனுப்பிய ஃபைல் அந்தத் தடுமாற்றத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

பெயரை மாற்றியும் எப்படிச் சிக்கியது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் 'மாஸ்' என்ற கருவியை அலெக்ஸ் ஐகன் 1994-இல் உருவாக்கினார். அது முதலில் இடைவெளிகளை நீக்கும், வேரியபிள் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே அடையாளமாக்கும். 'டெம்ப்' என்றிருந்ததை 'எக்ஸ்' என்று மாற்றினாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். மிஞ்சியதை ஒன்றின் மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் கொடுத்து, அவற்றில் சிலவற்றை மட்டும் கைரேகை போல வைத்துக்கொண்டு ஒப்பிடும். 2003-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்த முறைக்கு 'வின்னோயிங்' என்று பெயர் வைத்தார்கள். நம்மூரில் முறத்தில் புடைப்பது என்போமே, அதுதான். ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றிப் போட்டாலும் துண்டுகள் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் கருவி தீர்ப்பு சொல்வதில்லை, எங்கே ஒத்துப்போகிறது என்று மட்டுமே காட்டும். எண்களை வரிசைப்படுத்தும் பத்து வரி பபிள் சார்ட்டை வகுப்பில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆசிரியர்கள் கூர்ந்து பார்ப்பது பிழைகளைத்தான். இருவர் புரோகிராமிலும் திரையில் எழுத்தைக் காட்டும் பிரின்ட்எஃப் வரியில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் அது தற்செயலாக வந்திருக்காது.

துறைத்தலைவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். நீங்கள் எழுதிய பழைய வெர்ஷன்கள், எரர் வந்த ஃபைல்கள், கிட் கமிட்கள் (மாற்றங்களை அவ்வப்போது சேமித்த பதிவுகள்) இருந்தால் எடுத்துப் போங்கள். எழுதியது நீங்கள்தான் என்பதற்கு அரைகுறை ஃபைல்களைவிட நல்ல சாட்சி கிடையாது. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடத்தில் 2014-இலிருந்து ஓர் ஏற்பாடு உண்டு: தப்பு செய்த 72 மணி நேரத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால், அந்த வேலைக்கு மதிப்பெண் குறையலாம், ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்கு மேலே அனுப்ப மாட்டார்கள். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு விதி இல்லாமல் போனாலும், கேட்பதற்கு முன்பே சொல்பவரிடம் ஆசிரியர்கள் மனம் இளகுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உதவலாமா? தாராளமாக உதவுங்கள். தாளில் நோடுகளைக் கட்டம் போட்டு வரைந்து, அம்புக்குறி எங்கே மாறுகிறது என்று காட்டுங்கள். அவர் ஸ்கிரீனைப் பார்த்து, 'இந்த லூப் எப்போது நிற்கும்?' என்று கேளுங்கள். உங்கள் ஃபைல் மட்டும் அவர் கைக்குப் போக வேண்டாம், அவர் கீபோர்டில் உங்கள் விரலும் வேண்டாம். புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அசைன்மென்ட் போடுவதாக இருந்தால் பிரைவேட்டாக வையுங்கள். 2019 முதல் அது இலவசம்தான்.

புரோகிராம் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நாலு வரி எடுத்தீர்களா? மேலே ஒரு கமென்டில் லிங்கைப் போடுங்கள், அந்தத் தளத்தின் உரிமமே அதைத்தான் கேட்கிறது. சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உள்ளே போவதற்கு முன் தோழியிடம் பேசிவிடுங்கள். நீங்கள் உண்மையைச் சொல்லப் போகிறீர்கள் என்பது அவருக்கு அந்த அறையில் திடீரென்று தெரிய வேண்டாம்.