கால்வலி போன பிறகும் நிமிர்ந்து நிற்க முடியவில்லையே?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன், இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளைத் திருகாணி வைத்து இணைத்தார்கள். காலுக்கு இறங்கிய வலி அடியோடு போய்விட்டது. ஆனால் சமையல் மேடை முன் சிறிது நேரம் நின்றாலே உடம்பு முன்னால் சாய்கிறது. மேடையில் கையை ஊன்றிக்கொள்கிறார். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லாம் சரி என்கிறார்கள். பெல்ட்டை இன்னும் கழற்றவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: கால்வலி போனது நரம்பின் அழுத்தம் நீங்கியதற்கு அடையாளம், அந்த அளவில் சிகிச்சை பலித்திருக்கிறது. நிமிர்ந்து நிற்பது வேறு கணக்கு. இடுப்புப் பகுதி முதுகெலும்பு உள்நோக்கி வளைந்திருக்கும்; பெரும்பாலானோருக்கு அந்த வளைவு 40 முதல் 60 பாகை வரை இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நான்காவது முள்ளெலும்புக்கும், முதுகெலும்பின் அடியில் இடுப்புக்கூட்டோடு சேரும் முக்கோண வடிவத் திரிக எலும்புக்கும் இடையிலேயே அமைந்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சிகிச்சை நடந்ததும் அங்கேதான். அந்த இடம் சற்றே தட்டையாக இணைந்துவிட்டாலும் மேலுடம்பு முன்னால் சாயும். அதை இழுத்துப் பிடிக்க முதுகுத் தசைகள் நாள் முழுவதும் பாடுபட வேண்டியிருக்கும்.

படுத்திருக்கும்போது உடல் எடை முதுகில் இறங்காததால் அந்தப் படத்தில் சாய்வு தெரியாது. கழுத்திலிருந்து தொடை எலும்பின் தலை வரை, நின்ற நிலையில், பக்கவாட்டில் எடுத்த முழு எக்ஸ்ரே தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொத்தனார் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல, கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து நேர்க்கோடு இறக்கி, அது திரிக எலும்பின் மேல் பின்விளிம்பைவிட எவ்வளவு முன்னே விழுகிறது என்று அளப்பார்கள். பொதுவாக 5 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஏற்பார்கள். வளைவை அவரவர் இடுப்புக்கூட்டின் அமைப்போடு பொருத்தியே மதிப்பிட வேண்டும் என்பதால், ஒருவருக்குப் போதுமான வளைவு இன்னொருவருக்குப் போதாமல் போகலாம்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். அம்மா எதையும் பிடிக்காமல் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருந்தால், முன்சாய்வை அவர் காலால் ஈடுகட்டுகிறார் என்று பொருள் கொள்ளலாம். தொடை சீக்கிரம் அசந்துபோவதற்கும் இது காரணமாகலாம்.

இதற்காக மறு அறுவை சிகிச்சை என்று இப்போதே கலங்க வேண்டாம். நரம்பு நெருக்கம் உள்ளவர்கள் வலிக்குப் பயந்து முன்பே குனிந்து நடந்து பழகியிருப்பார்கள். அறுவையின்போது விலக்கப்பட்ட தசைகளும் வலுவிழந்திருக்கும். எலும்பு முழுமையாக இணைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். பெல்ட்டைத் திடீரென வீசிவிடாமல், மருத்துவரின் ஒப்புதலோடு படிப்படியாகக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைத் தொடங்குங்கள். உங்கள் ஊர் மேம்பாலப் பூங்காவில் காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக நடக்கட்டும். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் இப்போதைக்குக் கூடாது. இந்த வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் அவசியம் என்பேன். எலும்பு மெலிந்திருந்தால் திருகாணி தளரக்கூடும்.

பாதம் தொய்ந்துபோதல், சிறுநீர் கழிக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், காய்ச்சலோடு தையல் இடத்தில் நீர் கசிதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.