பதில்: விண்டோஸில் ஓடும் லாகின் நிரல் லினக்ஸில் யாருக்கும் அட்மின் உரிமை தரவில்லை

உங்கள் கோப்பில் வரிக்கு ஒரு கணக்கு, 'பெயர்:கடவுச்சொல்:பொறுப்பு' என்று இருக்கிறது. உபுண்டு லினக்ஸில் ஓட்டினால் யாருக்கும் அட்மின் உரிமை கிடைக்கவில்லை, முதல் பயனரின் பெயரை நிரல் அடையாளமே காணவில்லை என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உங்கள் சி++ நிரலின் தர்க்கத்தில் தப்பில்லை.

விண்டோஸ் வரியை 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் முடிக்கிறது. லினக்ஸ் 10 மட்டும். கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும் கெட்லைன் அந்த 10-ஐத்தான் எடுத்துவிடும். 13 கடைசிப் புலத்தில் ஒட்டிக்கொள்வதால் 'அட்மின்' என்ற ஒப்பீடு பொய்க்கிறது. 13 என்பது 'வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற குறி. அதனால் பொறுப்பை இரண்டு அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுப் பாருங்கள், மூடும் குறி வரியின் தொடக்கத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கும்! விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் திறக்கும்போது நூலகமே 13-ஐ நீக்கிவிடுவதால் அங்கே இது தெரியாது.

முதல் பயனர் விஷயம் பெரும்பாலும் நோட்பேட் வேலை. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் பிஓஎம் (பைட் ஆர்டர் மார்க்) என்ற அடையாளமாக மூன்று பைட்டுகளைச் சேர்க்கும். அவை முதல் பெயரோடு சேர்ந்துவிடும். கோப்பின் பைட்டுகளைக் காட்டும் 'ஓடி' கட்டளையை 'சி' சுவிட்சுடன் ஓட்டினால், ஆரம்பத்திலேயே அவை எட்டின் அடிமான எண்களில் 357 273 277 என்று தெரியும்.

கோப்பை லினக்ஸ் வடிவத்துக்கு மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் கருவி இரண்டையும் சுத்தம் செய்யும். ஆனால் கோப்பை நாளைக்கு வேறொருவர் விண்டோஸில் சேமித்தால் மறுபடியும் இதே கதை. அதனால் நிரலிலேயே ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்து 13 என்றால் வெட்டுங்கள், முதல் வரியில் மட்டும் பிஓஎம் இருந்தால் தாண்டுங்கள்.

அப்புறம், கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காதீர்கள். ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் முறையில் ஹாஷாக, அதாவது திரும்ப மூலச்சொல்லாக மாற்ற முடியாத வடிவமாக, மாற்றுங்கள்.