தடங்கலின்றி வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் மட்டும் ஏன் பிடிபடுவதில்லை?

ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறாள் என்றும், வாசித்த பத்தியிலிருந்து ஒரு வினா கேட்டால் விழிக்கிறாள் என்றும், இதற்கு எந்தப் பயிற்சி நூலை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் புதுச்சேரியில் இருக்கிறீர்கள். நான் பக்கத்தில் கடலூரில் இருபத்தாறு ஆண்டுகள் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து 2023இல் ஓய்வு பெற்றேன். அவற்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நானே செய்துவந்த ஒரு தவறு உங்கள் கேள்விக்குள் இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அவள் எப்படி விடை எழுதுவாள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வினாவில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவாள். விடை அந்த வரியிலேயே கிடைக்கும்வரை மதிப்பெண்ணுக்குக் குறைவிருக்காது. இரண்டு வரிகளைச் சேர்த்து யோசிக்க வேண்டிய வினா வரும்போதுதான் பிள்ளை தடுமாறுவது வெளியே தெரியும்.

2018 ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்கள் இருந்தன. அதைப் பற்றியே ஒரு சிறு பத்தியை நான் எழுதி ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தேன். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது, நாட்டுப்படகுகளும் அதே கடலில்தான் மீன் பிடிக்கின்றன, எனினும் அவற்றுக்கு இத்தடை பொருந்தாது என்பதுதான் அதன் சாரம். தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது ஏன் என்று வினா வைத்தேன். விலையைப் பற்றிப் பத்தியில் ஒரு சொல்கூடக் கிடையாது.

வகுப்பிலேயே அழகாக வாசிக்கும் மாணவி, ஒரு பிழையும் இல்லாத கையெழுத்தில், ‘மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால்’ என்று எழுதியிருந்தாள். ‘ஏன்’ என்ற வினாவுக்குப் பத்தியில் ‘என்பதால்’ என்று முடிந்த இடத்தைக் கண்டு எடுத்திருக்கிறாள். கடைசி வரிசையில் எழுத்துக்கூட்டித் திணறி வாசிக்கும் ஒரு மாணவன் எதுவும் எழுதவில்லை. அருகில் போய்க் கேட்டதற்கு, “லாஞ்சு போகலன்னா மீனு கம்மியாத்தான டீச்சர் வரும், அப்ப எங்கப்பா கொண்டாற மீனுக்கு வெல ஏறிடும்” என்றான். அவன் முதுநகர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. உரக்க வாசிக்கச் சொல்லி, அதை வைத்தே நான் தரம் பிரித்ததால், ஆறாம் வகுப்பிலிருந்தே அவனை ‘மெல்லக் கற்பவர்’ பட்டியலில் வைத்திருந்தவள் நான்தான். அன்று மாலை அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பையனை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களைக் கொண்டு நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் காட்டியது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தபோது, ஆட்டம் தெரிந்த பின்தங்கிய வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதற்காக எழுத்துக்கூட்டுவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த கருத்தின்படி, எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவதே வாசித்துப் புரிதல்; இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். அந்த மாணவனுக்கு முதலாவது குறை, உங்கள் மகளுக்கு இரண்டாவது குறை. இருவருக்கும் ஒரே பயிற்சி நூலைக் கொடுப்பதால் பயனில்லை.

மறுநாள் அதே பத்தியில் ‘அவற்றுக்கு’ என்ற சொல்லை வட்டமிட்டு, அது எதைக் குறிக்கிறதோ அந்தச் சொல்லுக்குப் பென்சிலால் அம்புக்குறி போடச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேரின் அம்பு விசைப்படகுக்குப் போயிருந்தது. அதாவது, யார் கடலுக்குப் போகலாம், யார் போகக் கூடாது என்பதே அவர்களுக்குத் தலைகீழாகப் பதிந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் தடங்கலின்றி வாசிப்பவர்கள். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில் ‘எனினும்’, ‘ஆகவே’, ‘அன்றி’ என்ற சொற்கள் வருவதே இல்லை. புத்தகத் தமிழிலோ வாக்கியத்தின் திருப்பம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. வினைமுற்று வேறு கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் செய்தவர் யார் என்பதை இறுதிவரை நினைவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த ஆண்டு முதல் கரும்பலகையில் விடை எழுதிப் போடுவதை நிறுத்தினேன். பிள்ளைகள் தம் சொற்களில் எழுதினார்கள், பிழைகளும் இருந்தன. பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அலுவலர், ஒரே வினாவுக்கு ஒவ்வொரு குறிப்பேட்டிலும் வேறு வேறு விடை இருக்கிறதே என்று எல்லார் முன்னிலையிலும் என்னைக் கடிந்துகொண்டார். முப்பத்தெட்டுக் குறிப்பேடுகளிலும் ஒரே வாக்கியம் இருந்தால் அது ஒரே ஒருவர் புரிந்துகொண்டதற்குத்தான் சான்று என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. மனப்பாடத்துக்கு நான் எதிரியல்ல. செய்யுளை மனப்பாடம் செய்யட்டும், நல்லதுதான். பத்தியின் விடையை மனப்பாடம் செய்வதால் அடுத்த பத்தி புரியப்போவதில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். இரவில் ஒரு கால்மணி நேரம், அவள் வகுப்புக்குச் சற்று மேலான ஒன்றை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பெரிய பிள்ளைக்கு எதற்கு என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் நிறுத்துங்கள். பாலின்சார், பிரவுன் என்போர் 1984இல் விளக்கிய முறையில் நான்கு செயல்கள் உண்டு: வாசித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு வினாவை உருவாக்குவது, விளங்காத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. நான் கண்டவரை வினாவை உருவாக்குவதில்தான் மிகுந்த பலன் இருக்கிறது. முதலில் ‘எப்போது’, ‘எத்தனை’ என்றே கேட்பாள். பத்துப் பதினைந்து நாள்களில் ‘ஏன்’ என்று கேட்கத் தொடங்குவாள். அப்போது நீங்கள் விடை சொல்லுங்கள், அவள் திருத்தட்டும்.

பயிற்சி நூலுக்கான பணத்தைச் செலவிட வேண்டாம். 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே அவளை அழைத்துச் சென்று, கடலோ, புயலோ, அவளுக்குப் பிடித்த ஏதோ ஒரு பொருளில் மூன்று நான்கு நூல்களைத் தொடர்ந்து வாசிக்க வையுங்கள். முதல் நூலில் விளங்காத சொற்கள் மூன்றாவதில் பழகியவையாகிவிடும்.

இரண்டு மாதங்கள் கழித்தும், நீங்கள் வாசித்துக் காட்டியதைக்கூட அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் அவளைக் கண்டிக்காமல் முதலில் காதைப் பரிசோதித்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்பது எட்டாம் வகுப்பில்தான் தெரியவந்தது.