2.71-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: அக்கா, நான் கணினி அறிவியல் படிக்கிறேன். ஐந்து செமஸ்டர் முடிந்து சிஜிபிஏ, அதாவது நாலுக்கு என் மொத்தச் சராசரிப் புள்ளி, 2.71. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். 3.00 இல்லாவிட்டால் எந்தக் கம்பெனியும் கூப்பிடாது என்று கூடப் படிப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: பாதி உண்மை, தங்கச்சி. பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் புதுப் பட்டதாரிகளை எடுக்கும்போது விளம்பரத்திலேயே 3.00 என்று போட்டுவிடுவது இங்கே மலேசியாவில் சகஜம். மனுக்கள் குவியும்போது அத்தனையையும் யார் படிப்பது, ஒரு கோட்டைக் கிழித்து அதற்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 120 கிரெடிட்டில் 80 முடிந்திருந்தால், மீதி 40-இல் சராசரி 3.58 எடுத்தால்தான் கடைசியில் 3.00 வரும். அதாவது பெரும்பாலும் ஏ மைனஸ், நடுவில் கொஞ்சம் பி பிளஸ். சில இடங்களில் தொழிற்பயிற்சிக்குப் புள்ளியே கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். அப்படியென்றால் மற்ற பாடங்களில் இன்னும் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும், உன் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று இப்போதே கேட்டுக்கொள். முதல் வகுப்பு வாங்கினால் பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடனைக் கட்டுவதிலிருந்தே விலக்குக் கேட்கலாம்தான், ஆனால் அந்த பஸ் போய்விட்டது, விடு.

சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளில் நிலைமை வேறு. என் முதல் இன்டர்வியூவில் சிஜிபிஏவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் சி பிளஸ் ஏன் என்று கேட்டுவிட்டு, மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்து லிங்க்ட் லிஸ்டை, அதாவது ஒன்றோடு ஒன்று கோத்த தரவு வரிசையை, தலைகீழாக்கும் கோட் எழுதச் சொன்னார்கள், எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அதனால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றையும் மறுபடி உட்கார்ந்து படி. பொதுப் பாடங்களில் புள்ளி குறைந்ததை நினைத்து அழாதே.

தொழிற்பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கம் என்று கிடைத்த ஆபீஸில் போய் ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டு உட்காராதே. ஈப்போவோ பினாங்கு பாயான் லெப்பாஸோ, கோட் எழுத விடுகிற இடமாகப் பார். பயிற்சிக்கு வந்தவர்களையே வேலைக்கு வைத்துக்கொள்கிற கம்பெனிகள் உண்டு, அங்கே மேலாளருக்கு உன்னைத் தெரிந்திருக்கும், 2.71 பெரிதாகத் தெரியாது.

காட்டுவதற்கு ஒரு புரோகிராமும் வேண்டும். எல்லோரும் செய்கிற நூலக சிஸ்டத்தையே நீயும் செய்யாதே. அப்பாவிடம் கேள்: இன்று எத்தனை குலை, எத்தனை டன், பழுக்காத காய்க்குலைக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், மாதக் கடைசியில் கைக்கு வந்த ரிங்கிட் சரியா. ஃபோனில் தமிழில் தட்டினால் கணக்குச் சொல்லட்டும். எல்லோரும் கோடைப் பார்க்கிற மாதிரி கிட்ஹப் தளத்தில் போடு. இன்டர்வியூவில் இதைப் பற்றி எவ்வளவு நேரம் கேட்டாலும் உனக்குப் பதில் இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரருக்கு இருக்காது.

அப்புறம், மனுவில் 2.71-ஐ 3 என்று சுற்றி எழுதிவிடாதே. டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள்.