ஓமலூர் போர்வெல்லுக்கும் ஏற்காட்டுக் கிணற்றுக்கும் ஒரே மெஷினா?

கேள்வி: ஓமலூர் பக்கம் எங்கள் வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,450 காட்டியது. விற்க வந்தவர் தண்ணீரில் கம்பியை விட்டுச் சேறு மாதிரி பழுப்பாக்கிக் காட்டினார். பயந்துபோய் ஆர்ஓ வடிகட்டும் மெஷின் வாங்கினோம். இப்போது 60 காட்டுகிறது. இனிக் கவலையில்லையா? ஏற்காட்டில் அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் 80தான். அங்கேயும் ஆர்ஓ போடச் சொல்கிறார் விற்றவர். போடலாமா?

பதில்: அக்கா வீட்டுக்கு ஆர்ஓ வேண்டாம். உங்கள் வீட்டுக்குத் தேவைதான். ஆனால் 60 என்ற எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

முதலில் அந்தக் கம்பி வித்தை. அதில் ஒரு கம்பி இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும். ஓடும்போது இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். நீங்கள் பார்த்த பழுப்பு முழுக்க அந்தக் கம்பியின் துரு. அடுத்த முறை யாராவது வந்தால், அவர் கொண்டுவரும் 'சுத்தமான' தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே வித்தையைச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் மீட்டரும் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தால் அதில் காட்டவே காட்டாது.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப்பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது. ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் பிள்ளைகள் பல்லில் கறை விழும், அதையும் மீறினால் எலும்பு, மூட்டு. இன்னொன்று நைட்ரேட். செப்டிக் டேங்க், எருக்குழி, வயலில் போடும் யூரியா என்று மேலிருந்து இறங்குவது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடவே கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். தண்ணீர் ஆவியாகிப்போக, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

கேண்டில் வடிகட்டி, யூவி (புற ஊதா ஒளி), யூஎஃப் (நுண் வடிகட்டி) எல்லாம் கிருமிக்கு. உப்பு அவற்றின் வழியே நேராகப் போய்விடும். சாஃப்ட்னர் கீசருக்கும் குளியலறைக்கும் நல்லது. கடினத்தன்மையை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், ஃப்ளோரைடைத் தொடாது. வீட்டில் வைக்கும் மெஷின்களில் ஃப்ளோரைடு, நைட்ரேட் இரண்டையும் சேர்த்துக் குறைப்பது ஆர்ஓதான். அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வுதான் மெம்பரேன். நல்ல மெம்பரேன் ஃப்ளோரைடில் சுமார் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நைட்ரேட்டில் கொஞ்சம் குறைவு.

இங்கேதான் ஒரு திருகாணி இருக்கிறது. 'தண்ணி சப்புனு இருக்கு' என்று நீங்கள் சொன்னால், டெக்னீஷியன் மெஷினுக்குள் ஒரு சின்னத் திருகைத் திருப்புவார், டேஸ்ட் வந்துவிடும். அவர் செய்தது, மெம்பரேன் வழியே போகாத போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்ததுதான். உங்கள் போரில் ஃப்ளோரைடு 3 என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 200 ஆக்கினால் பத்தில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர், ஃப்ளோரைடு 0.6 பக்கம், பரவாயில்லை. 500 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு; ஃப்ளோரைடு 1ஐத் தாண்டிவிடும். மீட்டரைப் பார்த்தால் 500 நல்ல எண்தான்! அதனால் போர் தண்ணீரின் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அந்தத் திருகில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். திருகைத் தொடாமலே 60 என்பது 150, 200 என்று ஏறினால் மெம்பரேன் போய்விட்டது என்று அர்த்தம். மீட்டர் உண்மையிலேயே உதவுவது இதற்குத்தான்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடம் சேலத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் வீட்டுத் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். மோட்டாரை ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். போர் தண்ணீர் ஒன்று, ஆர்ஓ தண்ணீர் ஒன்று, இரண்டையும் கொடுங்கள். ஆர்ஓ வெளியே தள்ளும் வேஸ்ட் தண்ணீரில் உப்பெல்லாம் கூடித்தான் வரும். வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற சரி, மாட்டுத் தொட்டிக்கு வேண்டாம்.

இனி ஏற்காடு. அங்கே உப்பே குறைவு. ஆர்ஓ போட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வீணாவதுதான் மிச்சம். திறந்த கிணற்றில் பார்க்க வேண்டியது கிருமி. மேட்டில் யார் வீட்டுக் கழிவறைக் குழி இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் கலங்குகிறதா என்று அக்காவைக் கவனிக்கச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்திலேயே தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸில் வைத்து அன்றைக்கே கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

கிருமி இருந்தால் யூவி போதும். ஆனால் தண்ணீர் கலங்கியிருந்தால் கிருமி மண் துகளின் நிழலில் தப்பித்துவிடும். அதனால் முன்னால் ஒரு மண் வடிகட்டி வேண்டும். கரண்ட் போனால் காய்ச்சிக்கொள்ளலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவே கிருமிக்குப் போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

மழைக்குப் பிறகு கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், பாக்கெட் புதிதாக இருக்க வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் இறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.