64-ஆல பெருக்கிப் பாருங்க

அண்ணே வணக்கம்,

நீங்க பழைய டைகாஸ்ட் காருங்கள, அதாவது உலோகத்த அச்சுல வார்த்து செஞ்ச பொம்மை காருங்கள, பிரிச்சு சரி பண்றதப் பத்தி எழுதுறத ரொம்ப நாளா படிக்கிறேன். என்கிட்ட ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கு, ஆறு வயசுல மாமா கொடுத்தது, நீளம் ரெண்டரை இஞ்ச் இருக்கும். பெயின்ட் பாதிக்கு மேல போயிடுச்சு, முன் அச்சு வளைஞ்சிருக்கு, கண்ணாடி மங்கலாயிடுச்சு. பின் கண்ணாடி மட்டும் சின்னதா முட்டை வடிவத்துல இருக்கு. இதுக்கு மெட்டாலிக் பர்ப்பிள் அடிச்சு, 13 மிமீ அலாய் வீல் போட்டு, நல்லா தாழ்த்தி கஸ்டம் பண்ணணும்னு ஆசை. காஸ்டிக் சோடாவுல ராத்திரி முழுக்க ஊற வெச்சா பெயின்ட் தானா வந்துடும்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா? இன்னொன்னு, அடித்தகட்டுல மாமா ஊசியால என் பேரோட முதல் எழுத்த கீறி வெச்சிருக்கார், அதையும் தேய்ச்சு எடுத்துடவா?

*

வணக்கம் தம்பி,

மொதல்ல அந்த காஸ்டிக் சோடாவ எடுத்து உள்ள வைங்க. டைகாஸ்ட் காரோட பாடி இரும்பு இல்ல, துத்தநாகத்துல சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த உலோகம், இந்த ரெண்டையுமே காஸ்டிக் சோடா அரிக்கும். கொஞ்ச நேரம் போட்டு எடுத்து கழுவுறவங்க இருக்காங்க, ஆனா ராத்திரி முழுக்கன்னா கதை வேற. நான் அப்படி ஒரு தடவ போட்டுட்டு தூங்கிட்டேன், காலைல பாத்தா பாடி கருத்து சொரசொரன்னு ஆகி, கதவு இருக்கற இடத்துல இருந்த கோடே காணோம், அது இன்னும் என் டப்பாவுல கிடக்கு. ஜெல் மாதிரி வர்ற பெயின்ட் ஸ்ட்ரிப்பர் வாங்கி பிரஷ்ஷால தடவி பத்து இருபது நிமிஷம் விட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க, கையில க்ளவுஸ், ஜன்னல் திறந்து. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால உப்புத்தாள வெச்சு காய்ஞ்ச மேனிக்கு தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க, எப்பவும் தண்ணி தொட்டு.

ஸ்ட்ரிப் பண்றதுக்கு முன்னாடி பாடிய நல்ல வெளிச்சத்துல ஒரு தடவ பாருங்க. மெல்லிசா வலை மாதிரி விரிசல், அங்கங்க ஊதின மாதிரி வீக்கம் இருந்தா அது உள்ளேர்ந்தே உளுத்துப்போன உலோகம், வார்க்கும்போது ஈயம் மாதிரி ஏதாவது கலந்துட்டா வர்ற வியாதி. அதுக்கு வைத்தியம் கிடையாது. அப்படி இருந்தா தொடாம அலமாரில வெச்சிடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நிஜ பீட்டிலோட நீளம் சுமார் 4.07 மீட்டர். உங்களோடது ரெண்டரை இஞ்ச், அதாவது 64 மிமீ கிட்ட. அப்ப 1:64 ஸ்கேல், அதாவது நிஜ கார்ல 64-ல ஒரு பங்கு. இந்த 64ங்கிற நம்பர மனசுல வெச்சுக்கோங்க, என்ன செஞ்சாலும் அத 64-ஆல பெருக்கிப் பாத்துட்டு செய்ங்க, நீங்க கேட்ட பாதி கேள்விக்கு பதில் அதுலயே வந்துடும். 13 மிமீ வீல்னா நிஜத்துல 83 செ.மீ. நிஜ பீட்டில்ல இருந்த டயரோட மொத்த உயரமே சுமார் 66 செ.மீ தான், ஸ்கேல்ல 10 மிமீ சொச்சம். 13 போட்டா மட்கார்டுக்குள்ள நுழையாது, நுழைய வெக்கணும்னு அறுத்தீங்கன்னா பீட்டிலோட அந்த உருண்ட மட்கார்டு அழகே போயிடும். 10 இல்ல 10.5 தேடுங்க. தாழ்த்துறதும் அப்படித்தான், 1 மிமீ இறக்கினா 6.4 செ.மீ இறங்கின மாதிரி, அது போதும். கலிஃபோர்னியா தெற்குல 60-கள்ல ஆரம்பிச்ச 'கால் லுக்' (கலிஃபோர்னியா லுக்கோட சுருக்கம்) பீட்டில்கள்ல முன்பக்கத்த இறக்கி க்ரோம் அலங்காரத்த எல்லாம் கழட்டிடுவாங்க. முன்னாடி 1 மிமீ, பின்னாடி அரை மிமீ, அவ்ளோதான்.

பெயின்டுக்கு வாங்க, எனக்கு பிடிச்ச இடம் இதுதான். நிஜ கார்ல பிரைமர்ங்கிற அடிப்பூச்சு, கலர், மேல அடிக்கற கிளியர் எல்லாம் சேத்து தடிமன் சுமாரா 0.1லேர்ந்து 0.15 மிமீ. நீங்களும் ஸ்ப்ரே கேன்ல அதே 0.1 மிமீ அடிச்சா அது உங்க ஸ்கேல்ல 6.4 மிமீ தடிமன், கார் மேல அரை விரல் தடிமனுக்கு பட்டி பூசின மாதிரி! கதவு கோடு, பானட் கோடு எல்லாம் அடைஞ்சு போய் சோப்புக் கட்டி மாதிரி தெரியறது இதனாலதான், ஆனா எல்லாரும் பெயின்ட் கம்பெனிய திட்டுவாங்க. அதனால துத்தநாகத்த பிடிச்சுக்கற எட்ச் பிரைமர மெல்லிசா ஒரு தடவ, கேன வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு குலுக்கி, 20-25 செ.மீ தள்ளி நின்னு, தூவுற மாதிரி ரெண்டு மூணு கோட்டு. முதல் கோட்டுல முழுசா மூடணும்னு ஆசைப்படாதீங்க. மழை நாள்ல அடிச்சா வெளுத்துப் போகும்.

மெட்டாலிக் பர்ப்பிள்லயும் இதே சிக்கல். கார் பெயின்ட்ல இருக்கற மினுமினுப்புத் துகள் 20 மைக்ரான், அதாவது 0.02 மிமீன்னு வெச்சுக்கிட்டாலும் 64-ஆல பெருக்கினா 1.3 மிமீ. நிஜ கார் மேல ரவை தூவின மாதிரி இருக்கும். ஹாட் வீல்ஸ் பொம்மை காருங்க 1968-ல வந்தப்போ இதுக்கு ஒரு அழகான வழி வெச்சிருந்தாங்க, ஸ்பெக்ட்ராஃபிளேம்னு பேரு, துகளே வேணாம், பளபளன்னு இருக்கற உலோகத்து மேல ஊடுருவித் தெரியற கலர், உள்ள இருக்கற உலோகமே மின்னும். நீங்களும் பாடிய 1000, 2000 உப்புத்தாள்ல தண்ணி போட்டு தேய்ச்சு பாலிஷ் பண்ணி மேல டிரான்ஸ்பரன்ட் பர்ப்பிள் அடிக்கலாம். பிரைமர் இல்லாததால சீக்கிரம் சுரண்டிக்கும், ஒரு கீறல் விட்டாலும் காட்டிக்கொடுத்துடும், ஆனா அலமாரில நிக்கற காருக்கு அது பரவால்ல. நான் உங்க இடத்துல இருந்தா இதத்தான் செய்வேன்.

பின் கண்ணாடி முட்டை வடிவம்னு சொன்னீங்களே, அது 1953லேர்ந்து 57 வரைக்கும் வந்த பீட்டில், அதுக்கு முன்னாடி ரெண்டா பிரிஞ்ச ஜன்னல், அப்புறம் பெருசா சதுரம் மாதிரி. அந்த ஓவல் ஜன்னலச் சுத்தி இருக்கற மெல்லிசான ஓரம் மட்டும் பெயின்ட்ல அமுங்காம பாத்துக்கோங்க, வண்டியோட முகமே பின்னாடிதான் இருக்கு.

கண்ணாடி பிளாஸ்டிக்தான், அத அசிட்டோன் பக்கமே காட்டாதீங்க, விரிசல் விட்டுடும். 2000, 3000 உப்புத்தாள், அப்புறம் பிளாஸ்டிக் பாலிஷ். திரும்ப ஒட்டும்போது சூப்பர் க்ளூ வேணாம், அதோட ஆவி கண்ணாடி மேல வெள்ளையா படியும், வெள்ளை ஃபெவிகால் மாதிரி பசை போதும். அச்சு வளைஞ்சத சரி பண்றத விட அதே தடிமன்ல புது கம்பி வெட்டிப் போடுறது சுலபம்.

பிரிக்கறதுக்கு, அடித்தகட்ட பாடியோட தூண்ல பிடிச்சு வெச்சிருக்கற ரிவெட்டோட தலைய மட்டும் 3 மிமீ டிரில் பிட்டால அறுங்க, தகடு தானா கழண்டு வந்துடும். அப்புறம் அந்த தூண்ல 1.6 மிமீ துளை போட்டு 2 மிமீ மரை வெட்டி ஸ்க்ரூ போட்டுடுங்க. ஸ்க்ரூ இருந்தா பெயின்ட் பிடிக்கலன்னா, வீல் பிடிக்கலன்னா எத்தனை தடவ வேணாலும் கழட்டலாம்.

மாமா கீறின எழுத்த தேய்க்காதீங்க. அந்த தகட ஸ்ட்ரிப்பர்லயும் போட வேணாம், சோப்புத் தண்ணி, மெதுவான பிரஷ், அவ்ளோதான். ரிவெட் அறுக்கும்போது பிட்டு வழுக்கிட்டு ஓடும், உங்க நேரத்துக்கு சரியா அந்த எழுத்து மேலதான் ஓடும், அதனால அது மேல ரெண்டு மூணு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஆரம்பிங்க.